தலையாட்டல்

எங்கள் துறையில் புள்ளியியல் எடுக்கும் மேடத்துக்கு உலகத்திலேயே பிடிக்காத ஒன்று, தலையாட்டல். பத்தொன்பது வருடமாக அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து அந்தப் புலம்பலைக் கேட்டு என் காது புளித்துவிட்டது. வெளிநாட்டு மாணவர்களின் வகுப்பு முடிந்தால் போதும், டஸ்டர் மேசையில் வந்து விழும்.

"புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாம் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுது. பேப்பரைத் திருத்தினா ஒண்ணுமில்ல."

அதில் முதல் ஆள் கடைசி பெஞ்சு நெட்டையன். இரண்டு முறை ஃபெயில். மறுதேர்விலும் கோட்டைவிட்டால் இடம் போகும், விசா போகும், ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். மேடம் அவனை அறைக்குக் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்ப்பா, புரியலைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

அவன் தரையைப் பார்த்தான். "எங்க ஊர்ல அப்படிச் சொன்னா, வாத்தியாருக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியலைன்னு அர்த்தம் மேடம். எல்லார் முன்னாடியும் உங்களை எப்படி..."

"என் மானத்தைக் காப்பாத்தவா ரெண்டு தடவை ஃபெயிலானே?"

தலையாட்டினான்.

மேடம் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மறுநாளே வகுப்பில் 'புரிஞ்சுதா' என்று கேட்பதை விட்டுவிட்டார். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவரும் பேர் போடாமல் ஒரு சீட்டு எழுத வேண்டும்: இன்று மேடம் எங்கே குழப்பினார்? முதல் வாரம் எல்லாம் வெற்றுச் சீட்டு. இப்படியே வந்தால் பாடத்தை முதலிலிருந்து எடுப்பேன் என்று மிரட்டியதும் சீட்டுகள் நிரம்பின. மறுதேர்வை அவன் ஒருவன்தான் எழுதினான். ஐம்பத்தெட்டு வாங்கித் தேறினான்.

பத்து நாள் கழித்து ஒரு கடிதத்தோடு வந்து நின்றான். சேர்க்கை ரத்து என்றிருந்தது. மதிப்பெண் ஏற்றும் புது மென்பொருளில் மேடம் 'சேமி'யை அழுத்தியதோடு எழுந்துவிட்டிருக்கிறார். அதற்குப் பிறகு 'அனுப்பு' என்று ஒன்று உண்டு; அதை அழுத்தாததால் அவன் மதிப்பெண் அலுவலகத்துக்குப் போகவே இல்லை. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

"போன மாசம்தானே டிரெய்னிங் குடுத்தாங்க? புரிஞ்சுதான்னு கேட்டப்போ தலையாட்டினீங்களே மேடம்."

"சொல்லிக்குடுத்த பொண்ணுக்கு அதுதான் முதல் வகுப்பு. அவ மேலதிகாரி வேற பக்கத்துலயே நின்னாரு. பாவமா இருந்துச்சு."

நெட்டையன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மேடம் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு எங்கள் இருவரையும் பதிவாளர் அறைக்கு இழுத்துப் போனார். அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"சார், டிரெய்னிங்ல எனக்குப் புரியல. புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன். தப்பு என்னுது, பையனை விட்டுடுங்க."

பதிவாளர் கடிதத்தை ரத்து செய்தார். பிறகு திரையைத் திருப்பி, எங்கே அழுத்த வேண்டும் என்று கடகடவெனச் சொல்லி முடித்தார்.

"புரிஞ்சுதா மேடம்?"

மேடத்தின் தலை பாதி அசைந்து நின்றது. நெட்டையனை ஒருமுறை பார்த்தார்.

"இல்ல சார். இன்னொரு தடவை சொல்லுங்க."