சாட்சியில்லாமல் நிர்வாகத்தைச் சந்திப்பதில்லை

எல்லாரும் வேலை சொல்லலாம், ஆனால் யாரும் வேலை கொடுத்ததாக ஆகாது. அப்படி ஒரு இடத்தில் மனிதனை நிறுத்திவைக்கும் உத்தியோகத்துக்குப் பெயர்தான் இன்டர்ன்.

தோழர்களே, நரைத்த தலையோடு பயோடேட்டா எழுதியவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். முப்பது வருடம் நூற்பாலை வாசலில் கூட்டம் போட்டவன் நான். தெரிந்த படிப்பெல்லாம் துண்டறிக்கை படித்துத் தெரிந்ததுதான். ஆலையை நான்தான் மூட வைத்தேன் என்று காரைக்குடியில் ஒரு பேச்சு உண்டு. சொல்கிறவர்கள் பஞ்சு விலையை விசாரித்துவிட்டுச் சொல்லட்டும்.

அந்த முப்பது வருடமும் என் வீட்டில் அடுப்பு எரிந்தது என் மனைவி செல்வி சத்துணவுக் கூடத்தில் சமைத்ததால். இப்போது அவள் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இந்த வருடத்தோடு நின்றுவிடச் சொல்லிவிட்டார் டாக்டர். திறன் பயிற்சி மையத்தில் ஐம்பத்து நாலு வயதைக் கேட்டும் முகம் சுளிக்காத ஒரே படிப்பு, ஓட்டல் வரவேற்புப் பணி. வகுப்பு முடிந்ததும் மூன்று மாத இன்டர்ன்ஷிப். மேனேஜர் கையெழுத்துப் போட்டால் சான்றிதழோடு அங்கேயே ஒரு நிரந்தர வேலையும் கிடைக்கும். போடாவிட்டால் இரண்டும் இல்லை. நான் கிளம்பிய அன்று செல்வி சொன்னாள்:

"ஊருக்கெல்லாம் வேலை வாங்கிக் குடுத்தீக. உங்களுக்கு ஒண்ணு வாங்குங்க, பாப்போம்."

கார் வந்தது

ஓட்டல் என்றால் புதுக் கட்டடம் இல்லை. நூறு ஜன்னல் உள்ள பழைய செட்டியார் வீட்டுக்கு ஏசி மாட்டியிருந்தார்கள். முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, வாசலில் நின்று விருந்தினரைச் சிரித்த முகத்தோடு வரவேற்பது. வாசலில் நிற்பது எனக்குப் புதிதா? ஆனால் காரில் வந்த யாரையும் பார்த்து நான் இதுவரை சிரித்ததில்லை.

பதினோரு மணிக்கு ஒரு பெரிய வெள்ளைக் கார் திரும்பியது. என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. நேராகப் போய்க் காருக்கு முன்னால், இரண்டு கைகளையும் விரித்து நின்றுவிட்டேன். கோஷம் தொண்டை வரை வந்ததை மட்டும் விழுங்கிக்கொண்டேன். டிரைவர் பிரேக் போட்டார். பின்சீட்டிலிருந்து சென்னைத் தம்பதி எட்டிப் பார்த்தார்கள். விருந்தினருக்கென்று கொடுத்திருந்த சந்தனக் கிண்ணம் என் ஒரு கையில் இருந்ததால் விஷயம் அவர்களுக்குப் பிடிபடவில்லை. அந்த அம்மாள் கண்ணாடியை விரற்கடை இறக்கிக் கேட்டார்:

"சந்தனம் வச்சுக்கிட்டா உள்ள விட்டுருவீங்களா?"

பதினைந்து நிமிடம்

மேனேஜர் பெயர் கீர்த்தனா. தேவகோட்டைப் பெண், வயது இருபத்தேழு. வாரம் ஒருமுறை இன்டர்னைத் தனியாக அழைத்துப் பதினைந்து நிமிடம் பேச வேண்டும் என்பது அங்கே விதி. பணியிட உறவு அதில்தான் வளருமாம். நிர்வாகத்தைத் தனியாகச் சந்திப்பதில்லை என்பது என் விதி. தனியாகப் போனவன் வெளியே வந்து என்ன சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. அந்த வேதனையை ஒருமுறை பட்டவன் நான்.

அதனால் தோட்டக்காரர் முத்துக்கருப்பனையும், படுக்கை விரிப்புகள் பொறுப்பிலிருந்த ரஹ்மத்தையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கையில் மண்வெட்டி, இவள் கையில் மடித்த விரிப்புகள். நிகழ்ச்சிக் குறிப்பு எழுத என்னிடம் நோட்டு. கீர்த்தனா மூவரையும் பார்த்துவிட்டு, "எப்படி இருக்கீக ஐயா?" என்றார். எதற்கும் உடனே பதில் சொல்வது தலைமைக்கு அழகல்ல. ஐந்து நிமிடம் அவகாசம் கேட்டு, சாட்சிகளோடு வெளியே வந்து ஆலோசித்தேன். முதுகுவலியைச் சொல்லிவிடலாம் என்றார் முத்துக்கருப்பன். அது அவருடைய முதுகு, என்னுடையது அல்ல என்று விளக்கினேன். திரும்ப உள்ளே போய், "நலம்" என்று அறிவித்து, நோட்டில் எழுதி, நான்கு பேர் கையெழுத்தும் வாங்கினேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டே கீர்த்தனா கேட்டார்:

"அப்ப சாப்டீகளான்னு கேட்டா பொதுக்குழுவக் கூட்டணுமா ஐயா?"

நாலு மணி டீ

மதிப்பீட்டுப் படிவத்தில் 'சக ஊழியருடன் உறவு' என்று ஒரு பெட்டி. அதைச் சக ஊழியர்களே நிரப்ப வேண்டும். சிரித்துப் பேசியும் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியும் உறவு வளர்ப்பார்கள் மற்றவர்கள். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: கோரிக்கை.

நாலரைக்கு வரும் டீ நாலு மணிக்கே வர வேண்டும் என்று துண்டறிக்கை எழுதினேன். 'வறண்ட தொண்டைகளின் வரலாறு மன்னிக்காது' என்று முடித்திருந்தேன். கீர்த்தனா ஒருமுறை படித்துவிட்டு, "சரிங்கய்யா, நாளையிலருந்து நாலு மணி" என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பேச்சுவார்த்தை இல்லை, இழுபறி இல்லை. போராடாமல் கிடைத்ததைத் தொழிலாளி மதிக்க மாட்டான். தயவுசெய்து இரண்டு நாளாவது மறுக்கும்படி கேட்டுக்கொண்டேன். வற்புறுத்தலின் பேரில் அவரும் மறுத்தார். ஆனால் அவர் மறுத்த சேதி சமையல்கட்டுக்குப் போன விதத்தில், அந்த இரண்டு நாளும் டீயே வரவில்லை. மூன்றாம் நாள் நாலு மணிக்கு டம்ளர்கள் வந்தபோது, வெற்றி உரைக்கு நான் தொண்டையைச் செருமினேன். ரஹ்மத் குறுக்கே சொன்னாள்:

"அண்ணே, பேசி ஆற வச்சிராதீக. ரெண்டு நாளாச்சு டீயக் கண்டு."

முட்டை உடைத்தவள்

ஒருநாள் வழிகாட்டி விடுப்பில் போய்விட்டார். விருந்தினருக்கு வீட்டைச் சுற்றிக்காட்ட என்னை அனுப்பினார்கள். பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல், செட்டியார் எத்தனை கப்பல் வைத்திருந்தார் என்று பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டிய விஷயம். நான் முதல் கட்டு முற்றத்திலேயே நின்றுவிட்டேன். "இந்தச் சுவர் பளபளப்பது முட்டை வெள்ளைக்கருவால். உடைத்தவள் எத்தனை ஆயிரம் உடைத்தாளோ! அவள் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?" என்று ஆரம்பித்து, தேக்கை இறக்கிய தோள், கல்லைத் தேய்த்த முழங்கால் என்று போய்க்கொண்டே இருந்தேன். முழங்கால் வந்த இடத்தில் செல்வி நினைவு வந்து, அதைப் பற்றியே இன்னும் கொஞ்சம் பேசினேன். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

கைதட்டினார்கள். பிறகு கோயம்புத்தூர்ப் பெரியவர் ஒருவர் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துத் தோளில் கை வைத்தார். விசாரித்தால் மில் முதலாளி. கையை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். வரவேற்புப் பணியில் அது கூடாதென்று பாடம். அவரோ விருந்தினர் நோட்டில் ஓட்டலைப் பற்றிப் பெரிதாகப் பாராட்டி எழுதிவிட்டு, கிளம்பும்போது ஏக்கத்தோடு சொன்னார்:

"எங்க மில்லுலயும் உங்கள மாதிரி ஒருத்தர் இருந்தாருங்க. அவர வெளிய அனுப்புனதுல இருந்து மீட்டிங்ல எனக்குத் தூக்கந்தானுங்க வருது."

கடைசிச் சந்திப்பு

மூன்று மாதம் முடிந்தது. கையெழுத்து நாள். கீர்த்தனா ஆள் விட்டுச் சொல்லியிருந்தார், ஐயா தனியாக வரட்டும் என்று. வழக்கம்போல் சாட்சிகளைத் தேடினேன். தோட்டத்தில் மண்வெட்டி மட்டும் கிடந்தது. விரிப்பு அறை பூட்டியிருந்தது. ஆலை வேலைநிறுத்தத்தின் கடைசி நாள் நினைவுக்கு வந்தது. அன்றும் இப்படித்தான், திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஒருவரும் இல்லை. கசப்பில் பாதி வழி திரும்பி நடந்தேன். அப்புறம் செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்குவது கண்ணில் நின்றது. முப்பது வருட விதியை வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டுத் தனியாக உள்ளே போனேன்.

உள்ளே கீர்த்தனாவின் இடப்பக்கம் முத்துக்கருப்பன், வலப்பக்கம் ரஹ்மத். மேஜையில் என் நோட்டு.

"கோவிச்சுக்காதீக ஐயா, உங்களத் தனியாச் சந்திக்க எனக்குத்தான் பயம். அதான் சாட்சியக் கூட்டியாந்துட்டேன்" என்றார் கீர்த்தனா. படிவத்தை என் பக்கம் திருப்பினார். 'சக ஊழியருடன் உறவு' பெட்டியில் ரஹ்மத்தின் எழுத்து: 'டீ நாலு மணிக்கு வருது.' அதன் கீழே முத்துக்கருப்பன்: 'முதுகு இப்ப பரவாயில்லை.' மேனேஜர் கையெழுத்து ஏற்கனவே போட்டிருந்தது. நிரந்தர வேலைக்கான தாளில் என் கையெழுத்துதான் பாக்கி.

பழக்கம் விடவில்லை. ஐந்து நிமிடம் அவகாசம் கேட்டு வெளியே வந்து செல்விக்குப் போன் போட்டேன். நிர்வாகம் ஒரு முன்மொழிவு வைத்திருக்கிறது, பரிசீலிக்க வேண்டும் என்றேன். அந்தப் பக்கம் குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள்:

"உள்ள போயிக் கையெழுத்தப் போடுறீகளா, இல்ல இந்தக் காலோட நான் அங்குட்டு வரவா?"

என் வாழ்க்கையில் நிபந்தனையே இல்லாமல் சரணடைந்தும் 'மாபெரும் வெற்றி' என்று துண்டறிக்கை அடிக்கத் தகுதியான பேச்சுவார்த்தை இது ஒன்றுதான் தோழர்களே, அதற்கும் நான்கு பேர் கையெழுத்து என்னிடம் இருக்கிறது.