கண்ணை மூடிய கையை எடுக்கப் பயந்தேன்

என் மகள் ரூத் பிழைக்க மாட்டாள் என்றே நினைத்தேன், சகோதரிகளே. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

போன ஐப்பசி மழையில் அவளுக்கு டெங்கு வந்தது. ஆறு வயதுக் குழந்தை. சித்தூரில் டாக்டர் கையை விரித்துவிட்டார். உடனே திருப்பதிக்குப் போகச் சொன்னார். அங்கே வெள்ளிக்கிழமை மதியம் அவள் கைகால் ஜில்லிட்டுப் போனது. கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. "பிரஷர் நிக்கல. மருந்து ஏறிக்கினு இருக்குது. சாயந்தரம் வரைக்கும் பார்க்கலாம்மா" என்றார் அங்கிருந்த டாக்டர். அதற்குப் பிறகு என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பொழுது இறங்கியது. நான் நகரியில் பிறந்த தமிழச்சி. தெலுங்கு யூதக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். வெள்ளிதோறும் மாவில் ஒரு பிடி ஆண்டவருக்கென எடுத்துவைத்து ரொட்டி சுடுவதும், சூரியன் மறையுமுன் தீபம் ஏற்றி, மறைந்ததும் தொடங்கும் ஓய்வுநாளை வீட்டுக்குள் அழைப்பதும் எங்கள் வீடுகளில் பெண்ணின் உரிமை. பையில் மெழுகுவர்த்தி வைத்திருந்தேன். அதை வெளியே எடுத்ததும் நர்ஸ் தடுத்துவிட்டார். "ஆக்சிஜன் ஓடுது. தீக்குச்சி கிழிக்காதம்மா!"

அழுகையோடு ஆத்திரமும் வந்தது. இந்த ஒன்றைக்கூட எனக்கு விட்டுவைக்க மாட்டீரா என்று ஆண்டவரோடு மனதுக்குள் சண்டை போட்டேன். என் கணவர் கட்டிலோரம் இருந்த பல்பைக் காட்டினார். "அழுதுகினே நிக்காத. அத்தப் போட்டு ஜெபம் சொல்லு. நம்ம வூட்டுக்கு விளக்கேத்தறவ நீதான்."

ஸ்விட்சைப் போட்டேன். வழக்கம்போல இரண்டு கையாலும் கண்ணை மூடி ஜெபம் சொன்னேன். அதன் பின் ஒரு தாய் தன் பிள்ளைகளுக்காக எதையும் கேட்கலாம். ஊரறிந்த வாயாடி நான்; ஒரு சொல் வரவில்லை. "ரூத், ரூத்" என்று பெயர் மட்டுமே வந்தது. முடித்ததும் கையை எடுத்து வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். நான் எடுக்கவில்லை. எடுத்தால் அவள் இருக்கமாட்டாளோ என்று பயம். அப்படியே நின்றேன். "மயக்கம் வருதாம்மா?" என்று நர்ஸ் என் தோளைப் பிடித்தார். அப்போதும் எடுக்கவில்லை.

"அம்மா... தண்ணி."

கையை எடுத்தேன். என் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்து கொடுத்தவர்களுக்கு என்றும் நன்றி உண்டு. ஆனால் நான் கேட்டது ஆண்டவரின் காதில் விழுந்தது என்பதை யார் வந்து மறுத்தாலும் விடமாட்டேன்.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை என் தீபத்தின் முன் ஊரார் பிள்ளைகளின் பெயரையும் சொல்கிறேன். எதிர்வீட்டு அக்காவுக்குச் சாமி வேறு. ஆனாலும் வாசலில் நின்று தன் மகன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறாள். சகோதரிகளே, ஜெபிக்கத் தெரியவில்லையே என்று கலங்காதீர்கள். உங்கள் பிள்ளையின் பெயர் தெரியுமல்லவா? அது போதும். அவர் கேட்பார்.