பேச்சித்தாய் டீச்சர் அழிக்க விடாத வரி

பேச்சித்தாய் டீச்சரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் என் மஞ்சள்பொடி டப்பாவுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை, சொல்லவில்லை. விறுவிறுவென்று சத்துணவு அறைக்குள் வந்து, ஒரு பிடி அள்ளித் தாளில் மடித்தாள். தொண்ணூற்றாறாம் வருஷம், கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம். நான் அங்கே சத்துணவு அமைப்பாளர். அரிசிக்கும் பருப்புக்கும் மஞ்சளுக்கும் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

"யாரும்மா நீ? சொந்த வீட்டு அடுக்களை மாதிரி அள்ளுத?" என்றேன்.

"சின்ன வகுப்புக்குப் புதுசா வந்திருக்க டீச்சர்க்கா. பிள்ளைக வெயிலு வரையுதுக. மஞ்சக் கலரு இல்ல."

"வெயிலுதான் வெளிய காயுதே. அதப் பாத்துக்கிடச் சொல்லு."

"பாத்தாச்சுக்கா. இனி வரையணும்" என்று சொல்லிவிட்டுப் போயேபோய்விட்டாள்.

அன்றைக்கே எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. மஞ்சளோடு நிற்கவில்லை. அடுப்புக்கரி போயிற்று, சுவரோரம் கிடந்த உடைந்த செங்கல் போயிற்று, கொல்லையில் நான் வளர்த்த அவரைக்கொடியின் இலை பாதி போயிற்று. மத்தியானம் சாப்பிட உட்காரும் பிள்ளைகளின் கைகளைப் பார்த்தால் ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. அத்தனையையும் கழுவி விடுவது யார்? நான்.

எங்கள் ஊர் ஆற்றங்கரையில், தச்சநல்லூர் தாண்டி இருக்கிறது. பெயரை எழுத மாட்டேன். எனக்கு அங்கே இன்னும் பங்காளிகள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் என்றால் ஒரே கூடம், நடுவில் ஒரு மூங்கில் தட்டி, முன்னால் வராந்தா. தட்டிக்கு அந்தப் பக்கம் நாலும் அஞ்சும். அதற்குத் தலைமையாசிரியர் ஞானசிகாமணி சார். இந்தப் பக்கம் ஒன்று, ரெண்டு, மூணு. அதற்குப் பேச்சித்தாய். அரசாங்கம் சம்பளம் கொடுத்தாலும் பள்ளிக்கூடம் தனியாருடையது. தாளாளர் சிவசண்முகம் அண்ணாச்சி வைத்ததுதான் சட்டம்.

ஞானசிகாமணி சாரின் பெருமை வாசிப்பு. அவர் பிள்ளைகள் வாசித்தால் ரோட்டில் போகிறவன் சைக்கிளை நிறுத்திக் கேட்பான். எல்லாரும் ஒரே குரலில், ஒரே மூச்சில், மழை கொட்டுகிற மாதிரி வாசிப்பார்கள். ஒருவருக்கும் ஒரு எழுத்து தெரியாது. வருஷத் தொடக்கத்தில் சார் ஒவ்வொரு வரியாகச் சொல்வார், பிள்ளைகள் திருப்பிச் சொல்லும்; நாலு மாதத்தில் புத்தகம் முழுக்க மனப்பாடம். விரலை வரிக்குக் கீழே ஓட்டவும் பழக்கியிருந்தார். விரல் ஓடும், வாய் ஓடும், கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். இதை வாசிப்பு என்று அவர் நிஜமாகவே நம்பினாரா, நம்புகிற மாதிரி நடித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நடிப்புதான் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை.

தட்டிக்கு இந்தப் பக்கம் பாட்டு கிடையாது. ஒரு எழுத்து, ஒரு நிறுத்தம், இன்னொரு எழுத்து. கேட்கிற நமக்கு மூச்சு முட்டும். மூணாம் வகுப்புக்குச் சமூகவியலில் 'நமது ஊர்' என்று ஒரு பாடம். மற்றவர்கள் அரைமணி நேரத்தில் முடித்துவிடும் அந்தப் பாடத்தை அவள் வாரக்கணக்காக இழுத்தாள். பிள்ளைகளைத் தெருவுக்குக் கூட்டிப்போவாள். ரேஷன் கடை, தபால் ஆபீஸ், கூட்டுறவு சங்கம் என்று ஒவ்வொரு பலகைக்கு முன்னாலும் நிறுத்தி, வாசித்து முடிக்கும்வரை நகர மாட்டாள். பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் நிறுத்துவாள், பஸ் வளைந்து வரும்போதே பிள்ளைகள் அதன் போர்டை வாசித்து "பேட்டை! பேட்டை!" என்று கத்தும். திரும்பி வந்து, பார்த்த தெருவையெல்லாம் கரியாலும் செங்கல்லாலும் என் மஞ்சளாலும் கூடத்துத் தரையில் வரையும். ஊரில் சும்மா இருப்பார்களா? பிள்ளைகளை டீச்சர் தெருவில் மேய்க்கிறாள் என்றார்கள்.

ஒருநாள் ஞானசிகாமணி சார் தட்டிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன டீச்சர், ஒங்க பக்கம் சத்தமே இல்ல? செத்த வீடா?" என்றார்.

"செத்த வீட்டுலதான் சார் ஒண்ணுபோல சத்தம் வரும்" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. சார் அண்ணாச்சியிடம் போய் ஓதினார். அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இந்தா பாரும்மா, கார்த்திகையில ஆபீசர் ஆய்வுக்கு வருதாரு. நல்லவிதமா எழுதிட்டுப் போனா ஒன் வேலைய நிரந்தரம் பண்ணச் சொல்லிக் கையெழுத்து போடுதேன். இல்லன்னா பொங்கலோட வேற எடம் பாத்துக்கிடு."

அவளுக்கு வேறு இடம் ஏது? பேட்டையில் வாடகை வீடு. புருஷன் வேலை பார்த்த பட்டறை மூடிக் கிடந்தது. அந்த வருஷம் சாதிக் கலவரத்தில் பஸ் ஓடாத நாள்களில்கூட நடந்தே வருவாள். பிடிக்காதவள்தான் என்றாலும் மனசு கேட்காமல் நான் போய்ப் புத்தி சொன்னேன். "ஏட்டி, நாலு பாடத்த உருப்போட வச்சு ஆபீசர்ட்ட காட்டிட்டுப் போயேன். ஒனக்கு என்ன கேடு?"

என்னைச் சுட்டுவிடுகிற மாதிரி பார்த்தாள். அப்புறம் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எக்கா, நானும் உருப்போட்டு வந்தவதான். ஏழாம் வகுப்பு வரைக்கும் புஸ்தகத்த வச்சிக்கிட்டுக் கடகடன்னு ஒப்பிப்பேன். அப்பதான் எங்க அய்யாவ வயல்ல பாம்பு கடிச்சு, ஆளுக பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய்ட்டாவ. நானும் அம்மையும் பொறத்தால போனோம். அம்ம சொல்லுதா, 'நீ படிச்ச பிள்ளைல்லா, போர்டப் பாத்து எந்தக் கட்டடம்னு சொல்லுட்டி'ன்னு. எல்லா போர்டையும் பாத்தேன். ஒரு எழுத்து ஓடல. யார்ட்டயும் கேக்க வெக்கம். அங்கன இங்கன சுத்திப் போயிச் சேந்தா, அய்யா இல்ல. அம்ம அதப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த கேக்கல. கேட்டு ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்."

மறுநாள் என் வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் மஞ்சள் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தேன். அதற்கும் ஒரு நன்றி சொல்லவில்லை, கழுதை.

ஆய்வு நாள் வந்தது. அந்த வருஷம் பாடப்புத்தகத்தை மாற்றியிருந்தார்கள். புதுப் புத்தகம் வந்து சேர்வதற்குள் சார் பழைய புத்தகத்தை வைத்தே பாதி உருப்போட வைத்துவிட்டார். இனிமேல் யார் மாற்றி உருப்போட வைப்பது என்று அப்படியே விட்டுவிட்டார். ஆபீசர் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். நான் நன்னாரி சர்பத் கொண்டுபோனேன். அண்ணாச்சியின் பேரன் பெருமாள்ராஜ், அஞ்சாம் வகுப்பு, முதல் பெஞ்சில் எழுந்து நின்று புதுப் புத்தகத்தை விரித்தான். பக்கத்தில் பெரிதாக ஒரு கலங்கரை விளக்கம் படம். அவன் விரலை ஓட்டிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தான்: "முத்தன் வண்டியில் மாடுகளைப் பூட்டினான். மாடுகளின் கழுத்தில் மணிகள் ஒலித்தன..."

கையில் புதுப் புத்தகம், வாயில் பழைய பாடம். ஆபீசர் எங்கே புத்தகத்தைப் பார்த்தார்? கண்ணை மூடித் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். முத்தன் வண்டியை ஓட்டி முடித்ததும், "பிரமாதம்" என்றார்.

தட்டிக்கு இந்தப் பக்கம் வந்தார். சந்தனமாரி எழுந்தாள். மூணாம் வகுப்பு; அப்பா அம்மா இரண்டு பேரும் அண்ணாச்சி வயலில் கூலி. அவள் புத்தகத்தில் இருந்ததைத்தான் வாசித்தாள். ஆனால் ஒவ்வொரு எழுத்தாக, நின்று நின்று, உதட்டைக் கடித்துக்கொண்டு வாசித்தாள். மூன்றாவது வரிக்குள் ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். "போதும், உக்காரு" என்றார். அதோடு ஆய்வுக் குறிப்பை எழுதிவிட்டு, கோழிக்குழம்புச் சாப்பாட்டுக்கு அண்ணாச்சி வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

எங்கள் சாருக்கு ஒரு வழக்கம். ஆய்வு முடிந்ததும் ஆபீசர் எழுதியதை வராந்தாச் சுவரில் இருந்த கரும்பலகையில், ஊர் பார்க்க, முத்துமுத்தான கையெழுத்தில் எழுதிப் போடுவார். மற்ற வருஷங்களில் தன் புகழ் மட்டும் இருக்கும். அன்றைக்கு இரண்டு வரி எழுதினார். 'நான்கு, ஐந்தாம் வகுப்பு வாசிப்பு மிக நன்று.' அதற்குக் கீழே, இன்னும் கொஞ்சம் பெரிதாக: 'மூன்றாம் வகுப்பு வாசிப்பு மிகவும் மோசம். ஆசிரியையின் திறமை போதாது.' எழுதிவிட்டுக் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிய தட்டு இருக்கிறதே, அதற்காகவே அவரை நாலு சாத்துச் சாத்தியிருக்கலாம்.

பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு அண்ணாச்சி பேரனைக் கூட்டிப்போக வந்தார். ஆபீசர் சாப்பிடும்போதே பேரனைப் புகழ்ந்திருப்பார் போலிருக்கிறது, முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த வருஷம் அவனைப் பாளையங்கோட்டையில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும், அங்கே பரீட்சை வைத்துத்தான் எடுப்பார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பலகைக்கு முன்னால் நின்று சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடி இல்லை.

"ஏலே பெருமாளு, என்ன எழுதிருக்குன்னு வாசிலே. ஒங்க சார் வாயால கேட்டுப் பழகிப்போச்சு, நீ வாசி."

பெருமாள்ராஜ் பலகையைப் பார்த்தான். தாத்தாவைப் பார்த்தான். விரலைக் காற்றில் நீட்டினான். "முத்தன் வண்டியில் மாடுகளைப் பூட்டினான்..."

ஒருவரும் சிரிக்கவில்லை. சார்தான் அவசரமாக, "பய பயந்துட்டான் அண்ணாச்சி" என்றார். அதற்குள் வராந்தா ஓரத்தில் கைகழுவிக்கொண்டிருந்த சந்தனமாரி, யாரும் கேட்காமலே, பலகையைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். பலகையைப் பார்த்தால் வாசிக்க வேண்டும் என்றுதானே டீச்சர் பழக்கியிருக்கிறாள். மேல் வரியைத் தட்டித் தடுமாறி முடித்தாள். கீழ் வரிக்கு வந்தாள். "ஆ... சி... ரி... யை... யின்... திறமை... போ... தா... து." முடித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று உறைத்தது போல. டீச்சரைப் பார்த்து அழுதுவிட்டாள்.

அண்ணாச்சி சாரிடம் திரும்பினார். "பயந்தா நாக்குல்லா வே ஒட்டிக்கிடும்? இவனுக்கு நாக்கு நல்லாத்தான் ஓடுது. கண்ணுதான் ஓடல. ரெண்டு வருசமா எம் பேரனுக்கு என்னத்த வே சொல்லிக்குடுத்தீரு?"

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று, மறைப்பானேன்.

அண்ணாச்சி பேச்சித்தாய் பக்கம் திரும்பினார். தன்மையாகப் பேசினார் என்று நினைக்க வேண்டாம், மிரட்டுகிற குரல்தான். "நாளையில இருந்து இவன் ஒன் மூணாம் வகுப்புல இருக்கட்டும். பொங்கலுக்குள்ள இவன் வாசிக்கணும். வாசிச்சா ஒனக்குக் கையெழுத்து. இல்லன்னா சொன்னது சொன்னதுதான்."

"மூணுல வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் அவள். "ஒண்ணுல இருக்கட்டும்."

அண்ணாச்சியின் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் பேரன், கூலிக்காரப் பிள்ளைகளோடு, ஒன்றாம் வகுப்பில்! ஓங்கி அறைந்துவிடுவாரோ என்று நான் பயந்தேன். "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் பேரன் கையை இழுத்துக்கொண்டு நடந்தார்.

சார் மெதுவாக அழிப்பானை எடுத்தார். பேச்சித்தாய் குறுக்கே போய் நின்றாள்.

"அழிக்காதீங்க சார். மேல் வரிய வேணும்னா அழிங்க, அது ஒங்களது. கீழ் வரி என்னுது. அந்தப் பையன் அத வாசிக்குத வரைக்கும் இருக்கட்டும்."

அப்படியே இருந்தது. மழைச்சாரலில் எழுத்து மங்கினால், தன்னைத் திட்டிய வரியைத் தானே சாக்பீஸால் திரும்ப எழுதுவாள். ஊர்ப் பெண்கள் வந்து பார்த்து வாயைப் பொத்திச் சிரித்துவிட்டுப் போவார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. உள்ளே பெருமாள்ராஜ் முழங்கால் முகவாயில் இடிக்க, தன் இடுப்பளவு பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, செங்கல் தூளால் 'அ' வரைந்துகொண்டிருந்தான். முதல் வாரம் முழுக்க அழுதான். அவள் அதட்டவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவனையும் நிறுத்தி வைத்தாள்.

மார்கழி கடைசியில் ஒரு மத்தியானம். வராந்தாவில் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தன. நான் சாம்பார் வாளியோடு வந்தபோது பெருமாள்ராஜ் எழுந்து பலகைப் பக்கம் போனான். யாரும் சொல்லவில்லை. பேச்சித்தாய் அசையாமல் நின்றாள். அவன் விரலை நீட்டவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணால் மட்டும் வாசித்தான். "மூன்... றாம்... வகுப்பு... வாசிப்பு... மிக... வும்... மோசம். ஆசிரி... யையின்... திறமை... போதாது."

பலகையிலிருந்து திரும்பினான். "டீச்சர், இது யாரச் சொல்லுது?"

"என்னயத்தான்."

"பொய்யால்ல எழுதிருக்கு!" என்றான், அத்தனை பிள்ளைகளும் கேட்க.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஞானசிகாமணி சார் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். தாள் சரசரப்பு நின்றது. அவர் காதில் நன்றாக விழட்டும் என்று, கரண்டியை வாளியில் போட்டுச் சத்தம் எழுப்பாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.