நாளைக்குக் காலையில என்ன செய்வீங்க?

சம்ரீன் தான் எழுதிய கட்டுரையில் ‘சிறப்பாக’ என்ற சொல்லைத் தேடித் தேடி அடித்துவிட்டுத்தான் தேநீரைத் தொடுவார். ‘மகத்தான’, ‘புதுமையான’ எல்லாம் அடுத்த வாய்க்கு. டம்ளர் காலியாவதற்குள் கட்டுரை பாதியாகிவிடும்.

பாலக்கரையில் ஓர் அறக்கட்டளையின் மாடி அறை. இணையவழியில் நன்றாகப் பாடம் நடத்தும் ஆசிரியர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் செய்ததை மற்றவர்களும் செய்யும்படி எழுதித் தருவது இவர் வேலை. போனைப் பிடித்துச் சிரிக்கும் பிள்ளைகளின் படம் வந்தால், “சிரிக்கிறது தெரியுது. என்ன படிச்சாங்க?” என்பார். சிங்காரத்தோப்பில் பைக்கடை வைத்திருக்கும் அண்ணன் நஸ்ருல்லா, “என் கடையப் பத்தியும் ஒண்ணு எழுதேன்” என்று கேட்டுப் பார்த்தார். “விலை கேட்டுட்டு வாங்காமப் போனவங்களைப் பத்திச் சொல்லுவியா?” என்றதும் அண்ணன் பேச்சை மாற்றிவிட்டார்.

எழுதியதை, அதைப் பற்றி முன்பே ஒன்றும் தெரியாத ஓர் ஆசிரியருக்குப் போனில் வாசித்துக் காட்டி, “நாளைக்குக் காலையில என்ன செய்வீங்க?” என்று கேட்பார். பதில் சரியில்லை என்றால் கட்டுரை குப்பைக்கு. இந்த அடம் எனக்குப் பிடிக்கும்; அறக்கட்டளைக்காரர்களுக்குப் பிடிக்காது.

நான் போயிருந்த அன்று, வையம்பட்டி ஆசிரியை மணிமேகலை எதிரே முகம் சிவக்க உட்கார்ந்திருந்தார். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பும் குட்டிக் குட்டிக் குரல் பாடங்களைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஆனால் அதற்கு முன் ஒரு மாதம் நீளமான வீடியோக்களை அனுப்பியிருந்தார். பிள்ளைகள் வீட்டிலிருந்த ஒரே போனில் டேட்டா தீர்ந்துபோக, அப்பாக்கள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். தன்னைப் பற்றிச் சம்ரீன் எழுதிய கட்டுரையிலிருந்து அந்தப் பகுதியை எடுக்கச் சொல்லித்தான் வந்திருந்தார்.

“எங்க ஹெட்மாஸ்டர் படிப்பாருங்க. ஒரு மாசத்தை வீணாக்கினேன்னு ஊரே தெரிஞ்சுக்கணுமா?”

“அது இல்லாட்டி இது வெறும் பாராட்டுப் பத்திரம், டீச்சர். சரி, எடுத்துட்டே வாசிக்கிறேன்.”

திருவெள்ளறைப் பக்கம் வேலை பார்க்கும் பாக்கியநாதன் என்ற ஆசிரியரை ஸ்பீக்கரில் போட்டு, அந்தப் பத்தி இல்லாமலே வாசித்தார். வழக்கமான கேள்வியையும் கேட்டார்.

“நல்லாருக்குங்க! ஆனா குரல் மட்டும் எதுக்கு? நான் வீடியோவாவே எடுத்துடறேன். அரை மணி நேரம், அசத்திடலாம்.”

சம்ரீன் மணிமேகலையைப் பார்த்தார். அவருக்குப் பொறுக்கவில்லை, போனருகே குனிந்தார்.

“சார், வீடியோ வேண்டாங்க. நான் அதுலதான் ஒரு மாசம் கோட்டை விட்டேன். எங்க பிள்ளைங்க வீட்டுல ஒரு போன்தான் இருக்கு...” நடுவில் சம்ரீன் பக்கம் திரும்பி, “இதை அப்படியே போட்டுக்குங்க” என்றார்.

சம்ரீன் ஆறிப்போன டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லையும் அடிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார்.