ஆமினா உம்மாவின் தேன் மருந்து

கிண்ணியாவில் ஆமினா உம்மாவிடம் நோயைச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. இருமலா, தேன். சூடு பட்டதா, தேன். பரீட்சையில் பிள்ளை கோட்டை விட்டதா, அதற்கும் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி. பக்கத்து வீட்டுக்காரியான நான் எத்தனை கரண்டி விழுங்கியிருப்பேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

போன வருடம் அவருடைய முன்வாசல் நிலைக்கு மேலிருந்த பொந்தில் தேனீக்கள் குடியேறின. புகை போட்டு விரட்டச் சொன்னேன். வேதத்தில் பேர் வந்த பூச்சியை விரட்டினால் வீட்டில் பறக்கத்தும் செழிப்பும் தங்காது என்று என்னைத்தான் விரட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வழி பின்னால் அடுப்படிப் பக்கமிருந்த குசினிக் கதவுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மூத்த மகள் இன்ஷிராவைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை நஸ்ரி என்றால் அவளுக்கு உயிர். ஆனால் அவன் தாய் ஸல்ஹா, சீதன வீட்டோடு வயலும் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். அந்த வயல் இளைய மகளுக்கென்று வைத்தது. ஆமினா உம்மா புருஷன் இல்லாத மனுஷி, ஒருத்தியை வாழவைக்க மற்றவளை வெறுங்கையோடு விடுவாரா? இதுதான் கடைசிப் பேச்சு என்று சொல்லிவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை வந்து இறங்கினார்கள்.

குசினிப் பக்கமாக வரும்படி ஆமினா உம்மா கெஞ்சினார். மாப்பிள்ளையின் வாப்பா றம்ஸான் பேசாமல் அந்தப் பக்கம் நடந்தார். அடுப்படியால் நுழைய நாங்கள் என்ன மீன் விற்கவா வந்தோம் என்று கேட்டபடியே ஸல்ஹா முன்வாசலில் கால் வைத்தார். வைத்ததுதான் தாமதம், உதட்டில் ஒரு கொட்டு.

போச்சு, கலியாணம் இதோடு போச்சு என்றுதான் நினைத்தேன். ஆமினா உம்மாவோ பதறவில்லை. ஸல்ஹாவைக் கதிரையில் இருத்தி, கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்து, வீங்கிய உதட்டில் தேனை அப்பினார்.

"வாயத் திறந்திராதீங்க மச்சி. தேன் காய முந்திக் கதைச்சா விஷம் தலைக்கு ஏறிரும்."

இப்படியொரு வைத்தியத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஸல்ஹா பயந்துபோய் வாயை இறுக்கிக்கொண்டார். ஆமினா உம்மா அப்படியே றம்ஸான் பக்கம் திரும்பி, வீடு உண்டு, வயல் இல்லை, சம்மதமா என்று கேட்டார்.

மனைவி இருக்கும் இடத்தில் அந்த மனிதர் பேசி யாரும் கேட்டதில்லை. ஸல்ஹா கையை ஆட்டினார், காலை உதைத்தார், மூக்கால் முனகினார். பாவம், நல்லா வலிக்குது போல என்றார் றம்ஸான். பிறகு தொண்டையைச் செருமினார்.

"எங்களுக்குப் பிள்ளைதான் வேணும். வயல் வேணாம். பேச்சு முடிஞ்சிது, ஓதுங்க பாத்திஹா."

குசினிக்குள் இன்ஷிரா விம்மி விம்மி அழுதாள். சந்தோஷத்தில் நானும் சேர்ந்து அழுதேன். ஓதி முடித்ததும், தேன் காய்ந்துவிட்டதா என்று ஸல்ஹா விரலால் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார்.

றம்ஸான் பதறி எழும்பினார்.

"தங்கச்சி, இன்னொரு கரண்டி பூசுங்க. திகதி குறிக்க வேணுமே."