சந்தனம் வைத்த சென்சார்

காலை எட்டு மணி நாற்பது நிமிடம். பள்ளிக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஆய்வகக் கதவில் தொங்கிய காய்ந்த செவ்வந்தி மாலை. ஆயுத பூஜைக்குப் போட்டது. விடுமுறை முடிந்து அன்றுதான் பள்ளி திறந்திருந்தது. மாலைக்குக் கீழே ஒரு பித்தளைப் பூட்டு. அதிலும் ஒரு குங்குமப் பொட்டு.

பத்து மணிக்கு மதுரையிலிருந்து ஆய்வு அலுவலர் வருவதாக இருந்தது.

வாடிப்பட்டிப் பக்கம் வயல்களுக்கு நடுவே இருக்கும் அரசுப் பள்ளி அது. என் மகள் அங்கே ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அந்த வகையில் நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். அதற்கு முன் பல ஆண்டுகள் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்குச் செய்தி எழுதியவள். அரசுப் பள்ளிகளில் பொறியியல் கற்றுக்கொடுக்க நிதி ஒதுக்கப்பட்ட செய்தியை நானே எழுதியிருக்கிறேன். ஆறு வரி. அந்த நிதி எந்த அறையில் போய் இறங்கும், அங்கே யார் கையில் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த ஆறு வரியில் இல்லை.

எங்கள் பள்ளியில் அது பதினான்கு அட்டைப் பெட்டிகளாக வந்து இறங்கியது. மின்சுற்றுப் பலகைகள், சிறு மோட்டார்கள், சென்சார்கள். தலைமை ஆசிரியர் பெட்டிகளைப் பிரிக்காமலே அறையில் வைத்துப் பூட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அரசுப் பொருள் உடைந்தால் பொறுப்பில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். உடையாமல் இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. பணிக்காலம் முழுவதும் அவர் பார்த்தது அதைத்தான். ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஓராண்டு கூட இல்லை.

பிறகு ஒரு கடிதம் வந்தது. காலாண்டு விடுமுறைக்குப் பின் ஆய்வு நடக்கும். கருவிகள் பயன்பாட்டில் இல்லையென்றால் இரண்டாம் ஆண்டு நிதி நிறுத்தப்படும். கருவிகள் வேறு பள்ளிக்குப் போகும். மதுரை கே.கே. நகர்ப் பக்கம் ஒரு பள்ளி கேட்டுக் காத்திருப்பதாகவும் பேச்சு அடிபட்டது. குழுக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியை கடிதத்தை வாசித்துவிட்டு, "பிரிக்காத பெட்டியக் காட்டுனோம்னா அப்படியே தூக்கிட்டுப் போயிருவாங்க சார்" என்றார்.

தலைமை ஆசிரியர் சாவியை மேசைமேல் வைத்தார். "ஒண்ணும் உடையக் கூடாது டீச்சர். அம்புட்டுத்தேன்."

உடையவில்லை. புகைந்தது. மூன்று மாதங்களில் பதினொரு பொருட்கள் கருகின. ஒவ்வொன்றும் ஏன் கருகியது என்று பிள்ளைகள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அந்தப் பொருளோடு நூலால் கட்டி வைத்தார்கள். தலைமை ஆசிரியர் எல்லாவற்றையும் ஓர் எவர்சில்வர் தட்டில் எடுத்துப் போய்த் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

பிள்ளைகள் எடுத்துக்கொண்ட வேலை எளிமையானது. பள்ளியின் தண்ணீர்த் தொட்டி தினமும் நிரம்பி வழியும். ஒன்பதாம் வகுப்புச் சுவரோரம் எப்போதும் சேறு, எப்போதும் கொசு. தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி ஒன்றை ஐந்து பெண்கள் செய்தார்கள். அவர்களில் முன்னால் நின்றவள், வாடிப்பட்டியில் பழுதான மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றி, காயில் கட்டும் கடை வைத்திருப்பவரின் மகள். என் மகள் அந்தக் குழுவில் வாளி பிடிப்பவள். விடுமுறைக்கு முந்தைய நாள் கருவி நான்கு முறை பிசகாமல் வேலை செய்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்று மாலை பூஜை போட்டு அறையைப் பூட்டினார்கள்.

அலுவலர் பத்து மணி பத்து நிமிடத்துக்கு வந்தார். கண்ணாடி அணிந்த, அதிகம் பேசாத பெண்மணி. நாற்காலியில் உட்காராமல் மேசை அருகே வந்து நின்றுகொண்டார்.

தரையில் ஒரு டிரம். அதிலிருந்து சிறு பம்பு ஒன்று, முக்காலிமேல் என் மகள் பிடித்திருந்த வாளிக்குத் தண்ணீர் ஏற்றியது. வாளியின் குறுக்கே ஒரு கட்டை. கட்டையின் அடியில் தண்ணீரைப் பார்த்தபடி சென்சார். அதில் இரண்டு வட்டங்கள், கண்கள் மாதிரி. ஒன்று ஒலியை அனுப்பும், மற்றொன்று திரும்பி வருவதை வாங்கும். அதை வைத்துத் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடும்.

வாளி பாதி நிறைந்தது. முக்கால் நிறைந்தது. விளிம்பைத் தொட்டது. பம்பு நிற்கவில்லை.

"ஏ, நிறுத்துடி!" என்றாள் என் மகள்.

"அதுவா நிக்கணும்டி!"

தண்ணீர் வழிந்து அலுவலரின் செருப்பை நனைத்தது. அறிவியல் ஆசிரியை பம்பின் பிளக்கைப் பிடுங்கினார். தலைமை ஆசிரியர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அலுவலர் ஒரு அடி பின்னால் நகர்ந்து, "வேற சென்சார் இருக்கா?" என்றார்.

"இருந்துச்சு மேடம்" என்றாள் காயில் கடைக்காரர் மகள். "புகைஞ்சிருச்சு."

"புகைஞ்சதா? அது எங்க?"

பெண்கள் ஐந்து பேரும் தலைமை ஆசிரியரைப் பார்த்தார்கள். பிறகு தலைமை ஆசிரியர், "எடுத்துட்டு வாரேன் மேடம்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைப் பக்கம் நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார்.

காயில் கடைக்காரர் மகள் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தாள். முதலில் மின்சுற்றுப் பலகையில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். எரிந்தது. ஒரு ஒயரை மாற்றிப் பார்த்தாள். பிறகு கட்டையைத் தூக்கிப் பிடித்து, சென்சாருக்குக் கீழே உள்ளங்கையைக் கொண்டுபோனாள், விலக்கினாள், மறுபடி கொண்டுபோனாள். சின்னத் திரையில் எண் அசையவில்லை.

"கரண்டு இல்லையோ?" என்றாள் ஒருத்தி.

"கரண்டு இருக்குடி. இதுக்குத்தேன் கண்ணு தெரியல."

கட்டையைத் திருப்பினாள். இரண்டு வட்டங்களிலும் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

தலைமை ஆசிரியர் தட்டோடு உள்ளே வந்தது அப்போதுதான். அவள் நிமிர்ந்து, "சார், இதுல யாரு சார் சந்தனம் வச்சது?" என்றாள்.

அவர் தட்டைப் பிடித்தபடியே நின்றார். "நாந்தேம்மா. கண்ணு மாதிரி இருந்துச்சு. மொதல்ல அதுக்குத்தேன் வச்சேன்."

சிரிப்பை அடக்க முயன்றதில் என் மகள் வாளியில் மீதியிருந்த தண்ணீரையும் கொட்டினாள்.

பலகைகளைத் துடைக்க வைத்திருந்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து, அந்தப் பெண் அழுத்தாமல் தேய்த்தாள். ஊதினாள். கவிழ்த்துத் தட்டினாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். உள்ளங்கையை மறுபடி நீட்டியபோது எண் குறைந்தது, விலக்கியபோது கூடியது. பம்பைப் போட்டார்கள். தண்ணீர் விளிம்புக்கு நான்கு விரல் கீழே வந்ததும் பம்பு தானாக நின்றது.

எனக்குப் பெருமையாக இருந்தது. மகளை வைத்து வந்த பெருமை என்று சொல்ல முடியாது. அவள் வாளிதான் பிடித்தாள். வெளியூரிலிருந்து வந்த ஒரு அதிகாரியின் முன்னால், செய்தது வேலை செய்யாமல் போனபோது, பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி அழவில்லை, சாக்குச் சொல்லவில்லை. எங்கே தவறு என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். பொறியியல் என்று நான் அந்த ஆறு வரியில் எழுதிய சொல்லுக்குப் பொருள் இது என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அலுவலர் பம்பைப் பார்த்த நேரத்தைவிட அதிக நேரம் தட்டைப் பார்த்தார். சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாகவே வாசித்தார். "பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தோம்." "ஐந்து வோல்ட் கேட்டது, பன்னிரண்டு கொடுத்தோம்." "ஈரக் கையால் தொட்டது. இனித் துடைத்துவிட்டுத் தொடவும்."

"இத ஏன் சார் உள்ள வச்சிருந்தீங்க?"

"சேதாரம் மேடம்" என்றார் தலைமை ஆசிரியர்.

"நான் போற இடத்துல எல்லாம் புதுசா, பளபளன்னு இருக்கும் சார். எதுவும் கருகியிருக்காது. யாரும் தொட்டிருக்க மாட்டாங்க." தட்டைத் தன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு ஈரச் செருப்போடு அடுத்த பள்ளிக்குப் புறப்பட்டார்.

அடுத்த மாதம் இரண்டாம் ஆண்டு நிதிக்கான உத்தரவு வந்தது. சென்சார் இப்போது தண்ணீர்த் தொட்டியின் மேல் இருக்கிறது. தட்டு, தலைமை ஆசிரியரின் இழுப்பறையிலிருந்து ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரிக்கு வந்துவிட்டது. அதில் இப்போது பதினேழு கருகிய பொருட்கள் இருக்கின்றன.