பிறை பார்க்க வைத்த விளக்கு

எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஓர் உயர்கோபுர விளக்கு நிற்கிறது. அதை எதற்கு வைத்தார்கள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பிறை பார்ப்பதற்கு.

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்து, மஃரிபு தொழுததும் நாங்கள் அந்தக் கரைக்குத்தான் போவோம். புறம்போக்கு நிலம், மேற்கே தண்ணீரும் வானமும்தான். பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். ஒரு வருடம் யாரோ காலில் முள் குத்திக் கத்தினார். லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் எங்கள் ஜமாத் தலைவர் அதைப் பிடித்துக்கொண்டார். "இருட்டுக்குள்ள ஜனங்க எப்படிங்க பிறை பாக்கும்?" என்று கூட்டத்தில் கேட்டார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள்கூடக் கைதட்டினார்கள். இருட்டும் ஏரியைப் போலப் பொதுச்சொத்துதான் என்றேன். "உங்களுக்கு எதுலயும் நொட்டை சொல்லோணும்ங்க" என்று என் வாயை அடைத்தார்கள். அர்த்த ராத்திரியில் குடை பிடித்த அற்பனாவது இருட்டை விட்டுவைத்தான். இவர்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, விளக்கை வரவழைத்து அதையும் ஒழித்தார்கள்.

இந்த வருடம்தான் என்னைப் பெற்ற அத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. சில வருடங்களாக அவர் எங்கள் வாய்ச்சொல்லை நம்பித்தான் பெருநாள் கொண்டாடினார். "இந்தத் தடவ நானே பாத்துக்கறேன் சாமி" என்று நோன்பு மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இருபத்தொன்பதாம் நாள் அவரைக் கைபிடித்துக் கரையேற்றினேன். கம்பத்தின் உச்சி விளக்குகள் அதற்குள் எரிந்துகொண்டிருந்தன. மேற்கு வானம் சுண்ணாம்பு அடித்த சுவராக வெளுத்திருந்தது. அத்தா உள்ளங்கையால் மறைத்து மறைத்துத் தேடினார். புதுக் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"கொஞ்ச நேரம் அணைக்கச் சொல்லுங்க" என்று தலைவரிடம் கேட்டேன்.

"அது தானா எரிஞ்சு தானா அணையறதுங்க. நம்ம கையில ஒண்ணும் இல்லீங்க" என்றார், அதிலும் பெருமையாக.

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கூட்டம் கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றது. பிறகு சேலத்திலிருந்து போன் வந்தது. வேறெங்கோ பிறை தெரிந்துவிட்டதாம். உடனே கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்லி, பிரியாணிக்குக் கறி வாங்க ஓடினார்கள். தாங்கள் எதையும் பார்க்கவில்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

தலைவர் மட்டும் அத்தாவிடம் வந்தார். "ஏனுங்க பெரியவரே, ஆபரேஷன் பண்ணுன கண்ணு இப்ப நல்லாத் தெரியுதுங்களா?"

அத்தா வானத்தை விட்டுவிட்டு, கம்பத்தின் அடியில் பதித்திருந்த பளிங்குக் கல்வெட்டைப் பார்த்தார்.

"தெரியுதுங்க. உங்க பேரு நல்லாவே தெரியுதுங்க."